"ஏன் இந்தக் கல்லூரி?" – ஒரு கேள்வியின் வரலாறு

(பி.ஏ. வரலாறு, 1974–77)



"சார், நீங்க வரலாற்றுத் துறைக்காரர். மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்க. ஆனா நம்ம கல்லூரி வரலாறு மட்டும் வேண்டாம், அதை ஏற்கெனவே மூணு பேர் எழுதிக் கொடுத்தாச்சு" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். ஆகவே கல்லூரி வளாகத்தை விட்டு வெளியே போகிறேன். வெளியே என்றால் கடல் தாண்டி, அமெரிக்காவுக்கே போகிறேன். ஆனாலும் நான் சொல்லப் போகும் சங்கதியில் பழைய மாணவர் சங்கத்துக்காரர்களாகிய நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது என்ன என்பது போகப் போகத் தெரியும்.

நம் ஊரில் நடுப்படிப்பில் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போவது என்பது பெரிய காரியம். டி.சி. வாங்க வேண்டும், நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும், பல்கலைக்கழகத்தின் அனுமதி வாங்க வேண்டும். காரணம் என்று கேட்டிருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "தந்தையின் பணியிட மாறுதல்." அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் அப்படி இல்லை. இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் தொடங்கிய ஜூனியர் கல்லூரியிலிருந்தே, இரண்டு வருஷம் ஓரிடத்தில் படித்துவிட்டு மீதியை வேறிடத்தில் முடிக்கலாம் என்ற ஏற்பாடு அங்கே வேர் பிடித்துவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்பவரின் யோசனை அது. 1960-ல் கலிபோர்னியா மாநிலம் தீட்டிய உயர்கல்வித் திட்டம் அந்த வழியை இன்னும் அகலமாக்கியது. இப்படிக் கல்லூரி மாறுகிறவர்களிடம் பல நிறுவனங்கள் ஒரு கட்டுரை கேட்கின்றன. இருக்கிற இடத்தை ஏன் விடுகிறாய்? இங்கே ஏன் வருகிறாய்? இரண்டுக்கும் பதில் எழுது என்கிறார்கள்.

என் தங்கை பேத்தி கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறவள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கட்டுரையை எனக்கு அனுப்பி, "தாத்தா, படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அங்கே சொல்லிக் கொடுத்திருந்த இலக்கணம் எனக்குப் பிடித்திருந்தது. பழைய கல்லூரியைத் திட்டாதே. "உலகப் புகழ் பெற்ற உங்கள் பல்கலைக்கழகம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதே. பெயரை அழித்துவிட்டு வேறு கல்லூரியின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வாக்கியம் வீண் வாக்கியம். இதுவரை என்ன படித்தாய், இனி என்ன படிக்க வேண்டும், அது ஏன் அங்கேதான் கிடைக்கும் என்று தெளிவாகச் சொல். வீட்டு நிலைமை காரணம் என்றால் ஒளிக்காமல் சொல். இவ்வளவுதான். வெளிநாடு போக நினைக்கும் நம் மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சரி, இந்தக் கேள்வியை யார் எதற்காகக் கேட்டார்கள் என்று பார்த்தால்தான் வரலாறு ஆரம்பிக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஹார்வர்டு போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வில் தேறினால் பெரும்பாலும் இடம் உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அந்தத் தேர்வில் நிறையத் தேற ஆரம்பித்தார்கள். அப்போதுதான் மதிப்பெண் மட்டும் போதாது, ஆளும் எப்படி என்று தெரிய வேண்டும் என்ற ஞானோதயம் பிறந்தது. ஹார்வர்டின் தலைவர் லோவெல் 1922-ல் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். அந்த ஆண்டு முதல் விண்ணப்பத்தில் மதம் என்ன, தாயாரின் கன்னிப் பருவக் குடும்பப் பெயர் என்ன, தகப்பனார் பிறந்த ஊர் எது, பிறந்த பிறகு உன் பெயரோ அப்பா பெயரோ மாறியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். சில ஆண்டுகளில் புகைப்படமும் ஒட்டச் சொன்னார்கள். ஜெரோம் காரபெல் என்ற சமூகவியலாளர் 2005-ல் வெளியிட்ட பெரிய நூலில் இதையெல்லாம் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். குணநலன், பண்பு என்ற அழகான சொற்களுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதவு உண்டு.

இனி தென் மாநிலங்களுக்கு வருவோம். அங்கேதான் விஷயம் கனமானது.

1954 மே 17 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு மாநிலப் பல்கலைக்கழகங்கள் "நீ கறுப்பன், இடமில்லை" என்று எழுத்தில் சொல்ல முடியாது. வேறு காரணம் வேண்டும். விடுதியில் இடமில்லை, கடைசித் தேதி முடிந்துவிட்டது, சான்றிதழ் குறை என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. அந்த வழக்குகளைப் புரட்டினால், கதவைத் தட்டியவர்களில் பலர் முதலாண்டு மாணவர்கள் அல்லர். கல்லூரி மாறி வந்தவர்கள்! தடுத்து வைத்த காலத்தில் சும்மா இருக்க முடியுமா? வேறெங்காவது சேர்ந்து படிக்கத் தொடங்கிவிடுவார்கள். நீதிமன்றம் கதவைத் திறக்கச் சொல்லும்போது அவர்கள் மாற்றல் மாணவர்களாக நிற்பார்கள்.

ஜார்ஜியாவில் சார்லெய்ன் ஹன்ட்டர் என்ற பெண் அப்படித்தான். பத்திரிகையாளராக வேண்டும் என்பது அவர் கனவு. மாநிலத்தில் இதழியலுக்கென்று பெயர் பெற்ற பள்ளி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருந்தது. இதைவிட நேரான காரணம் உண்டா? 1959-ல் விண்ணப்பித்தார். விடுதியில் இடமில்லை என்றார்கள். டெட்ராய்ட்டில் வேய்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துக்கொண்டே விண்ணப்பத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அவருடன் விண்ணப்பித்த ஹாமில்டன் ஹோம்ஸ் அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1961 ஜனவரியில் நீதிபதி உத்தரவிட்ட பிறகுதான் இருவரும் உள்ளே போனார்கள். 1963-ல் இருவருமே பட்டம் பெற்றார்கள். ஹன்ட்டர் பின்னாளில் நாடறிந்த பத்திரிகையாளர் ஆனார். ஹோம்ஸ் மருத்துவர் ஆனார்.

இப்போது நம் சங்கத்துக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்த மாநிலங்களில் கண்டுபிடித்த தடைகளிலேயே தந்திரமானது எது தெரியுமா? பழைய மாணவர் கையெழுத்து! விண்ணப்பிக்கிறவரின் நன்னடத்தைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் சாட்சி சொல்லிக் கையொப்பமிட வேண்டும். கேட்க எவ்வளவு மரியாதையான விதி! ஆனால் பழைய மாணவர் அத்தனை பேரும் வெள்ளையர். கறுப்பரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடவே கூடாது என்றிருந்த ஊரில் எந்த வெள்ளையர் கையெழுத்துப் போடுவார்? போட நினைத்தாலும் அக்கம்பக்கத்தார் விடுவார்களா? ஜார்ஜியாவில் இந்த விதியை 1959-லேயே ஒரு ஃபெடரல் நீதிமன்றம் செல்லாது என்றது. மிசிசிப்பி மாநிலம் அதைக் காதில் வாங்கவில்லை.

மிசிசிப்பியில் இந்த விதி வந்த காலத்தையும் கவனியுங்கள். 1954-ல் மெட்கர் எவர்ஸ் என்ற கறுப்பின இளைஞர் மிசிசிப்பி பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். அதே ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. அதன் பிறகுதான் பழைய மாணவர் சான்றிதழ் முளைத்தது.

அந்த விதியில் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கிளைட் கென்னார்ட். 1927-ல் ஹேட்டிஸ்பர்க் ஊரில் பிறந்தவர். ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்து, ஜெர்மனியிலும் கொரியாவிலும் பணிபுரிந்தவர். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1955-ல் படிப்பு முடியும் முன்பே ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மாற்றாந்தகப்பனாருக்கு உடல்நலமில்லை, அம்மாவுக்குத் துணை வேண்டும், கோழிப்பண்ணையைப் பார்க்க ஆளில்லை. மீதிப் படிப்பை முடிக்க அருகில் இருந்தது மிசிசிப்பி சதர்ன் கல்லூரி. பண்ணையிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். காலையில் கோழிக்குத் தீனி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய் வரலாம்.

என் தங்கை பேத்திக்குச் சொல்லிக் கொடுத்த இலக்கணத்தை இங்கே வைத்துப் பாருங்கள். பழைய கல்லூரியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வீட்டு நிலைமை ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. இந்தக் கல்லூரிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் அசைக்க முடியாதது. எந்தச் சேர்க்கைக் குழுவும் மறுக்க முடியாத பதில்! ஆனால் முதலில் அவரிடம் கேட்டது ஐந்து பழைய மாணவர்களின் சான்றிதழ். அது கிடைக்குமா?

கென்னார்ட் சத்தம் போடுகிறவர் அல்லர். உள்ளூர்ப் பத்திரிகைக்கு நிதானமாகக் கடிதங்கள் எழுதினார். வேலைக்கும் படிப்புக்கும் தகுதிதான் அளவுகோலாக இருக்க வேண்டும் என்பதே அவர் வாதம். ஆளுநர் கோல்மன், மாநிலத்தில் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் வேறு எந்தக் கல்லூரிக்குப் போனாலும் செலவை அரசு ஏற்கும் என்று ஆசை காட்டிப் பார்த்தார். கென்னார்ட் மறுத்துவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் படிக்க வேண்டும் என்பவருக்கு வேறு ஊர்ச் செலவைக் கொடுத்து என்ன பயன்? தேர்தல் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டதற்காக ஒருமுறை விண்ணப்பத்தைத் தள்ளியும் வைத்தார். இதற்கிடையில், 1956-ல் மாநில அரசு அமைத்திருந்த 'இறையாண்மை ஆணையம்' என்ற உளவு அமைப்பு அவருடைய பின்னணியைத் துருவித் துருவிப் பார்த்தது. ஒரு கறையும் அகப்படவில்லை. (அந்த ஆணையத்தின் கோப்புகள் 1998-ல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. வரலாற்று மாணவர்களுக்கு ஒரு புதையல்தான்.)

1959 செப்டம்பர் 15. கல்லூரித் தலைவரைப் பார்த்துப் பேசிவிட்டுத் தன் காருக்குத் திரும்பினார் கென்னார்ட். அங்கேயே கைது! தாறுமாறாகக் கார் ஓட்டினார், காரில் விஸ்கி இருந்தது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். அப்போது மிசிசிப்பி மதுவிலக்கு மாநிலம். அபராதம் விதித்தார்கள். ஆளும் அசரவில்லை, விண்ணப்பமும் நிற்கவில்லை. மறு ஆண்டு, கோழித் தீவன மூட்டைகளைத் திருடத் தூண்டினார் என்று ஒரு வழக்கு. தீவனத்தின் விலை 25 டாலர். திருடியதாகச் சொன்ன 19 வயதுப் பையன் கென்னார்டின் பெயரைச் சொன்னான், அவனை விட்டுவிட்டார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி பத்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னது. கென்னார்டுக்கு ஏழு ஆண்டு கடுங்காவல். 25 டாலர் தீவனத்துக்கு ஏழு ஆண்டு! இது நீதியைக் கேலி செய்வது என்று மெட்கர் எவர்ஸ் சொன்னார். அதற்காக அவர் மேலேயே நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். பின்னர் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

பார்ச்மன் சிறைப்பண்ணையில் கென்னார்டுக்குக் குடல் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வயல் வேலைக்கே அனுப்பினார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே 1963-ன் தொடக்கத்தில் விட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர நாளில், 36 வயதில் காலமானார். எவர்ஸ் அதற்கு மூன்று வாரம் முன்புதான் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சாட்சி சொன்ன அந்தப் பையன் வயதான பிறகு, கென்னார்டுக்கும் திருட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லிவிட்டார். இல்லினாய் மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேரும் அவர்களுடைய ஆசிரியரும் விடாமல் பாடுபட்டதில், 2006 மே மாதம் நீதிமன்றம் கென்னார்டைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. 2018-ல் அந்தக் கல்லூரி – இப்போது சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகம் – அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. படிக்க இடம் கேட்டவருக்கு, இறந்து 55 ஆண்டு கழித்து!

கென்னார்டு சிறையில் இருந்தபோதே அடுத்த விண்ணப்பம் போய்விட்டது. ஜேம்ஸ் மெரிடித். விமானப்படையில் ஒன்பது ஆண்டு பணிபுரிந்து திரும்பியவர். ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அது கறுப்பர்களுக்கென்று மிசிசிப்பி அரசே நடத்திய கல்லூரி. கென்னடி குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற மறுநாள், 1961 ஜனவரி 21 அன்று, மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பப் படிவம் கேட்டு எழுதினார். 26-ஆம் தேதியிட்டு, உங்கள் ஆர்வம் கண்டு மகிழ்ச்சி என்று அன்பான பதில், படிவத்தோடு வந்தது. 31-ஆம் தேதி நிரப்பி அனுப்பினார். தான் நீக்ரோ (அன்றைய வழக்கில் அந்தச் சொல்தான்) என்பதை உடன் வைத்த கடிதத்தில் தானே எழுதினார். நீங்கள் கேட்கும் ஐந்தாறு பழைய மாணவர் பெயர்களைத் தர இயலவில்லை. உங்கள் பட்டதாரிகள் எல்லோரும் வெள்ளையர், எனக்கு யாரையும் தெரியாது என்றும் எழுதினார். பதிலாகத் தன்னை அறிந்த கறுப்பின மக்களின் நன்னடத்தைச் சான்றிதழ்களை இணைத்தார்.

பிப்ரவரி 4 அன்று தந்தி வந்தது: ஜனவரி 25-க்குப் பிறகு வந்த விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதற்கில்லை. படிவத்தை அனுப்பியதே 26-ஆம் தேதி என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது! அப்படியானால் அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மெரிடித். அவர் விண்ணப்பித்த பிறகு மாற்றல் விதிகள் இறுக்கப்பட்டன. மே 25 அன்று இறுதி மறுப்பு. உம்முடைய கல்லூரி தென் மாநிலக் கல்லூரிகள் சங்கத்தில் உறுப்பினர் அல்ல, அங்கே வாங்கிய மதிப்பெண்களை ஏற்க முடியாது, சான்றிதழ்களும் போதாது. இதில் கவனிக்க வேண்டியது, ஜாக்சன் கல்லூரியையும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தையும் நிர்வகித்தது ஒரே அறங்காவலர் குழு. கறுப்பர்களுக்கு இது போதும் என்று தானே ஒரு கல்லூரி வைத்து நடத்திவிட்டு, அங்கே படித்த படிப்புத் தரமில்லை என்று தானே சொல்வது என்ன நியாயம்?

வழக்கு நடந்தது. மெரிடித் தரப்பில் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி என்ற கறுப்பின வழக்கறிஞர் அம்மையார். எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பத் துருவியது நம் கட்டுரைத் தலைப்பைத்தான்: ஏன் இந்தக் கல்லூரி? உண்மையில் படிக்க வருகிறாயா, வழக்குப் போட வருகிறாயா? இருக்கிற இடத்திலேயே பட்டம் வாங்கிவிடலாமே? வெள்ளைக்கார மாணவர் யாரிடமாவது இப்படிக் கூண்டில் ஏற்றிக் கேட்டிருப்பார்களா? கீழ்நீதிமன்றம், இனம் காரணமாக யாரையும் மறுக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் நீதிபதி ஜான் மைனர் விஸ்டம் அதைக் கிட்டத்தட்ட எள்ளி நகையாடினார். அந்த மாநிலம் பிரித்து வைக்கும் கொள்கை உடையது என்பது ஊரறிந்த உண்மை, அதற்குச் சாட்சி தேவையில்லை என்றார். 1962 ஜனவரியில் பழைய மாணவர் சான்றிதழ் விதி சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ந்தது. ஜூன் 25 அன்று மெரிடித்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. அன்று அவருக்கு 29-ஆவது பிறந்தநாள்.

அதன் பிறகு நடந்தது உலகறிந்தது. ஆளுநர் ராஸ் பார்னெட் நேரில் வந்து வழிமறித்தார். செப்டம்பர் 30 இரவு வளாகத்தில் கலவரம். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரும் உள்ளூர்க்காரர் ஒருவரும் கொல்லப்பட்டனர். 160-க்கும் மேற்பட்ட ஃபெடரல் மார்ஷல்கள் காயமடைந்தனர். ராணுவம் வந்தது. மறுநாள் அக்டோபர் 1 காலை மெரிடித் பதிவேட்டில் கையெழுத்திட்டார். கண்ணீர்ப் புகை வாடை போகாத வளாகத்தில் அவர் போய் உட்கார்ந்த முதல் வகுப்பு, அமெரிக்கக் காலனியாட்சி கால வரலாறு. நம் துறைதான்!

1963 ஆகஸ்ட் 18 அன்று அரசியல் அறிவியலில் பட்டம் வாங்கி, அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பழைய மாணவர் ஆனார் ஜேம்ஸ் மெரிடித். 2002-ல் அவருடைய மகன் ஜோசப் அதே பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு அந்தப் பள்ளியின் தலைசிறந்த ஆய்வு மாணவரும் அவரே.